அன்செல்ம் ருசித்த வெண்ணெய் சாஸ்

கடல்பாசிக்குத் தன் உடம்பைக் கொடுப்பதில்லை என்று அன்செல்ம் முடிவு செய்தபோது, பாதிப் பாசி ஏற்கெனவே அவர் முதுகில் இருந்தது.

குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் வெதுவெதுப்பான பச்சைக் குழம்பைத் தூரிகையால் பூசிக்கொண்டிருந்தாள். வலை காயப்போட்ட துறைமுகத்தின் வாடை. பூசி முடித்ததும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே கம்பளி போர்த்தி, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவாளாம். அதுவும் நடு மத்தியானம், பிரான்சு தேசமே நாப்கினை மடியில் விரிக்கிற நேரத்தில்.

"பசிக்குதே" என்றார் அன்செல்ம்.

"பாசி பூசினா பசி தெரியாது, முசியே."

பாசிக்கும் பசிக்கும் ஒரு கால்தான் வித்தியாசம். அந்தக் காலைக் கீழே ஊன்றி எழுந்தார் அன்செல்ம்.

அவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. நார்மண்டியில் அவருடைய ஊரில் வெண்ணெய்ச் சுவைஞர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர். வருஷத்துக்கு ஒரு தடவை மஞ்சள் அங்கி போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, நாக்கில் வைத்த வெண்ணெய் எந்தப் பண்ணைப் பசுவுடையது என்று சொல்வார். சில சமயம் பசுவின் பெயரையும் சொல்வதுண்டு. இப்படிப்பட்ட நாக்குக்கு எப்படிப்பட்ட வயிறு அமையுமோ, அப்படியே அமைந்திருந்தது. டாக்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவரிடம் பேசாமல் அவர் மனைவி செவரீனிடம் பேசினார். செவரீன் மறுநாளே பிரிட்டனி கடற்கரையில் இந்தக் கடல்நீர்ச் சிகிச்சை ஹோட்டலில் அறை போட்டுவிட்டாள்.

ஹோட்டலில் சாப்பாட்டுக் கூடம் இரண்டு. சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் கீழே. அவித்த லீக்ஸ் என்கிற வெங்காயத் தண்டு, தெளிந்த சூப், அதற்குமேல் தெளிந்த சூப். சும்மா வந்தவர்களுக்கு மேல்மாடியில். பெரிய கண்ணாடி ஜன்னல், கடல், வெண்ணெய் சாஸில் மிதக்கும் மீன். வாசனைக்கு மட்டும் மேல் கீழ் தெரியாது. லிஃப்ட் திறந்தபோதெல்லாம் அது இறங்கி வந்தது.

"பாசி எனக்கு ஒத்துக்காதும்மா, அரிக்கும்" என்றார் அன்செல்ம், பூசின பெண்ணிடம். "ஆனா என் மனைவிகிட்ட சொல்லிடாதே. ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்கா, மனசு சங்கடப்படுவா."

குளித்தார். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். அந்த ஹோட்டலில் பகலெல்லாம் எல்லோரும் வெள்ளை அங்கியில்தான் திரிவார்கள். யார் பாதிரியார், யார் நீதிபதி என்று கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் எச்சரிக்கையாக, மூலை மேஜையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அறை எண்ணைச் சொல்லி, வெண்ணெய் சாஸ் ஊற்றிய மீனும் முட்டைப்பால் புட்டிங்கும் கொண்டுவரச் சொன்னார்.

முதல் வாய் சாஸ் உள்ளே போனதும் கண்ணை மூடினார். திறக்க மனமில்லை.

பிறகு கீழே இறங்கி, காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் பாசியைத் தடவிக்கொண்டு, செவரீனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பாசி எப்படி இருந்துச்சு?"

"உள்ளே இறங்கினமாதிரி இருந்துச்சு."

"முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கே."

"அதுதான் பாசி."

"லீக்ஸை அப்படியே வெச்சிருக்கீங்க?"

"போதும். வயிறு சுருங்கிடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"உடம்பு நல்லதை உடனே பிடிச்சுக்கும், செவரீன். நீதான் எங்கே போயிருந்த? உன்னையும் காணோமே."

"எனக்கும் சிகிச்சைதான்" என்றாள் அவள். லீக்ஸை அவளும் அவ்வளவாகத் தொடவில்லை. அன்செல்ம் அதைக் கவனிக்கவில்லை. குற்றவாளிக்குத் தன் குற்றமே போதுமான வேலை.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். தைரியம் வளர்ந்தது. வாரக் கடைசியில் சமையல்காரரை மேஜைக்கு அழைத்துவரச் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கோரந்தன் என்கிற நெட்டையான பிரிட்டனிக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"நீங்க மறைக்க வேண்டாம்" என்றார் அன்செல்ம். "இது உங்க பக்கத்து வெண்ணெய் இல்லை. எங்க நார்மண்டி வெண்ணெய். மே மாசத்துப் புல்லு. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்."

கோரந்தன் தரையைப் பார்த்தார். "முசியே சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நான் சங்கத் தலைவர். இலையுதிர் காலத்துல எங்களுக்கு ஆண்டு விருந்து. நீங்க வந்து, இதே சாஸைச் செய்யணும். எங்க ஆளுங்க ஒரு தடவையாவது நிஜ வெண்ணெய்னா என்னன்னு தெரிஞ்சுக்கட்டும்."

கோரந்தன் வாயைத் திறந்தார், மூடினார், வருகிறேன் என்றார். கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். அன்செல்ம் திரும்பாமலே, சுவருக்குத் தலை வணங்கினார்.

கிளம்புவதற்கு முந்தின காலை எடை பார்த்தார்கள். ஹோட்டல் டாக்டர் கையைக் குலுக்கினார். முசியே நன்றாக இளைத்திருக்கிறார்; இந்தப் பருவத்தில் இவ்வளவு ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் வேறு யாருமில்லை.

அன்செல்ம் தராசிலேயே கொஞ்ச நேரம் நின்றார். தினமும் வெண்ணெய் சாஸ். தினமும் புட்டிங். ஆள் இளைத்திருக்கிறார். அப்படியானால் உலகத்து டாக்டர்கள் எல்லாம் இத்தனை காலம் சொன்னது பொய். வெண்ணெய் தின்றால் உடம்பு குறையும். இதைக் கண்டுபிடித்தவர் அவர். இவ்வளவு பெரிய விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த செவரீனைத் தேடிப் போனார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. நான் ஒருநாள்கூட முழுசாப் பாசியில படுக்கலை."

"சரி."

"மேல்மாடியில சாப்பிட்டேன். வெண்ணெய்ல நீந்தினேன். அப்படியும் இளைச்சிருக்கேன். இனிமே நம்ம வீட்ல தினமும் அதே சாஸ்தான். கோரந்தன்கிட்டப் போய் எப்படிச் செய்றதுன்னு கத்துக்கிட்டு வா."

"கத்துக்கிட்டாச்சு" என்றாள் செவரீன். "காலிஃபிளவரை நல்லாக் குழைய வேகவெச்சு, மையா அரைக்கணும். எலுமிச்சை பிழியணும். நிறத்துக்குத் துளி குங்குமப்பூ."

"அப்புறம் வெண்ணெய்?"

"அவ்வளவுதான்."

அலை ஒன்று வந்து போனது.

"சிகிச்சைக்கு வந்தவங்க எந்த மாடியில உட்கார்ந்தாலும் சிகிச்சைச் சாப்பாடுதான் போடணும்னு டாக்டர்கிட்டச் சொன்னேன், அவர் சமையலறைக்குச் சொல்லிட்டார்" என்றாள் அவள். "மீனு நிஜம். அதுல நான் ஏமாத்தலை."

"புட்டிங்?"

"ஆடை எடுத்த பாலும் கடல்பாசியும். வெளியே பூசிக்க மாட்டேன்னீங்க. உள்ளே பூசியாச்சு."

அன்செல்ம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். பல வருஷம் கூட இருந்தவன் வேற்றாள் என்று தெரிந்தமாதிரி இருந்தது.

"அந்தப் பாசிக்காரப் பொண்ணு சொல்லிட்டாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? வந்த அன்னிக்கே லிஃப்ட்ல மேல்மாடி பட்டனை ஒரு பார்வை பார்த்தீங்க. கல்யாணத்துக்குக் கேட்டப்பகூட என்னை அப்படிப் பார்க்கலை."

"சரி, நான் கேட்ட நிஜ சாஸ்? அதை என்ன பண்ணினாங்க?"

"நம்ம அறைக் கணக்குல ஒரு சாப்பாடு வந்தா அதை வீணாக்கலாமா? உங்க முதுகுக்குப் பின்னாடி ஜன்னலோரம் நல்ல மேஜை. நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டீங்க, நான் கடலைப் பார்த்துக்கிட்டேன். அன்னிக்குக் கை தட்டினது நான்தான்."

அன்செல்முக்கு அப்போதுதான் சங்கம் ஞாபகம் வந்தது. விருந்து ஞாபகம் வந்தது. மஞ்சள் அங்கி போட்ட அத்தனை பேர் முன்னாலும் பரிமாறப்போகிற, தான் மே மாசத்துப் புல் என்று சொன்ன காலிஃபிளவர் ஞாபகம் வந்தது.

"செவரீன். அந்த கோரந்தன் வரக் கூடாது."

"வரட்டுமே. சங்கத்துக்காரங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட எல்லாம் போன்ல பேசிட்டேன். அவங்க வீட்டிலயும் வயிறுங்க இருக்கே. ஆசையாக் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். முதல் கரண்டியை வாயில வெச்சு, கண்ணை மூடி, வெண்ணெய்னு சொன்னாப் போதும். தலைவர் சொன்னா மத்தவங்களும் சொல்வாங்க."

"சொல்லலைன்னா?"

"காலிஃபிளவரைத் தின்னுட்டு மே மாசத்துப் புல்லுன்னு நீங்க சொன்னதை நான் சொல்லுவேன்."

செவரீன் எழுந்து அங்கியின் கயிற்றை இறுக்கினாள். முடிச்சுக்குப் பிறகு கயிறு முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சியது.

"வாங்க, சாப்பாட்டு நேரம்."

லிஃப்டில் இரண்டு பேரும் ஏறினார்கள். கீழ்க்கூடத்தில் கதவு திறந்ததும் அன்செல்ம் மட்டும் இறங்கினார். அவருக்கு அவித்த லீக்ஸ் வந்தது. இந்தத் தடவை அதை லீக்ஸ் என்று சொல்லியே வைத்துவிட்டுப் போனார்கள்.