எல்லை மூடும் விழுக்காடு

"இருக்கலாம்னா என்ன அர்த்தம் குலசிங்கம்? தாய்லாந்து பார்டரை மூடுமா, மூடாதா? நம்பர் கொடுங்க. மத்தியானம் அமைச்சர் கேப்பாரு!"

மலேசியாவின் புத்ராஜெயா தலைமையகத்திலிருந்து மேலதிகாரி டத்தோ பரஞ்சோதி போனில் காய்ச்சி எடுத்தார்.

வெளியுறவு மதிப்பீட்டு அதிகாரி குலசிங்கம் ஏற்கெனவே ஒரு தடவை சூடுபட்டவர். போன வருஷம் 'ஒன்றும் நடக்காது' என்று எழுதினார், நடந்து தொலைத்தது. அதற்குத்தான் அவரை எல்லையோரப் பாலிங்குக்குத் தூக்கியடித்தார்கள். இன்னொரு தடவை சறுக்கினால் கட்டாய ஓய்வுதான்.

தாய்லாந்து மூடுமா என்பது தாய்லாந்துக்கே தெரியுமோ என்னவோ. இவருக்குச் சத்தியமாகத் தெரியாது. எல்லைச் சமாச்சாரமெல்லாம் அலசப்படுவது அலியின் சாப்பாட்டுக் கடையில் என்பதால் அங்கே போன் போட்டார்.

"அலி, பார்டர் மூடப் போறதா ஏதாச்சும் கேள்விப்பட்டியா?"

"இல்லையே சார். ஏன் சார்?"

"சும்மாதான் லா."

முப்பது விழுக்காடு என்று எழுதி அனுப்பினார். அடுத்த நிமிஷமே பரஞ்சோதி கூப்பிட்டார்.

"முப்பதுன்னா மூடுமா, மூடாதா?"

"மூடாது டத்தோ. ஆனா, மூடினாலும் மூடும்."

"ஒரே ஒரு ஆளைக் கேட்டு எழுதினா இப்படித்தான் இருக்கும். மூணு இடத்துல விசாரிங்க!"

பதினொரு மணிக்கு ரப்பர் லாரி ஓட்டும் அம்மாசியைப் போனில் பிடித்தார். ஒரே ஹாரன் சத்தம்.

"நாப்பது லாரி நிக்குது சார்! மூடுறதுக்குள்ள தாண்டணும்னு அடிச்சுப் புடிச்சு வந்திருக்கோம்."

நெருப்பில்லாமல் புகையுமா? அறுபது என்று திருத்தினார். எதற்கும் இருக்கட்டும் என்று, எல்லைக்கு அந்தப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் நிமலையும் கேட்டார்.

"இங்க சோல்ஜருங்க வந்து இறங்கிட்டாங்க அண்ணே. உங்க லாரியெல்லாம் இப்படி ஓடி வர்றதைப் பார்த்து, மலேசியா என்னமோ பண்ணப் போகுதுன்னு பயந்துட்டாங்க."

எண்பது. மூன்றாவதாக மறுபடியும் அலி.

"ஊரே அதான் சார் பேசுது!"

குலசிங்கத்துக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்று வாய், ஒரே சேதி. தொண்ணூற்றைந்து விழுக்காடு என்று எழுதி, கீழே கோணாமல் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் மூடுவதற்குள் நாமே மூடினால்தான் மரியாதை என்று தலைமையகம் முடிவெடுத்தது. மூன்று மணிக்கு இந்தப் பக்கத்துக் கதவு சாத்தப்பட்டது. அதைப் பார்த்து மூன்றேகாலுக்கு அந்தப் பக்கமும் சாத்திவிட்டார்கள்.

"பிரமாதம் குலசிங்கம்!" பரஞ்சோதியின் குரலில் தேன் சொட்டியது. "இப்படி ஒரு துல்லியத்தை நான் பார்த்ததே இல்ல. அடுத்த மாசமே இங்க வந்துடுங்க. சீனா, அமெரிக்கா எல்லாத்தையும் இனிமே நீங்கதான் கணிக்கணும்."

பிழைத்தோம் என்ற சந்தோஷத்தில் குலசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே அலியின் கடைக்குப் போனார். அலி இல்லை. அவர் மனைவி கைருன்னிசா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா அக்கா, மூடிட்டாங்க. அலிக்கு நன்றி சொல்லணும். எப்படித்தான் அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சுதோ!"

கைருன்னிசா கோப்பையை அவர் முன்னால் வைத்தார்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? காலையில நீங்க போன் பண்ணி விசாரிச்சதுமே, 'கவர்மெண்ட் ஆபீசரே நம்மகிட்ட கேக்கறாருன்னா மூடுறது உறுதி'ன்னு லாரிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டதே இவருதானே!"