பாட்டை விடாத கழுதை

ராயபுரத்தில் மழை வந்தால் கரண்ட் போகும். கோடை வந்தால் தண்ணீர் போகும். ஒயரு பாட வந்தால் தெருவே போய்விடும்.

ஒயரு எங்கள் தெருவின் கேபிள்காரர். சொந்தப் பெயர் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். தோளில் கறுப்புக் கேபிள் சுருள், வாயில் ஒரு சோகப் பாட்டு, மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவுவார். பாட்டில் சுருதி இருக்காது. சோகம் கேட்கிறவர்களுக்கு. யாராவது "போதும்ப்பா" என்று சொல்லிவிட்டால் அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு டிவியில் படம் போய்ப் பனி பெய்யும். சென்னையில் வருஷம் முழுக்கப் பனி பார்த்தவர்கள் நாங்கள்தான்.

அவருக்கு லட்சியம் ஒன்றே ஒன்று. மாதா கோயில் திருவிழாக் கச்சேரியில் ஒரு பாட்டு. கச்சேரி மேனேஜரிடம் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜரும் ஆறு வருஷமாக வீடு மாற்றிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், ஹார்பரில் வேலை பார்த்த அவருடைய தோஸ்து ஒருவர், கப்பல்காரன் கொடுத்ததாக ஒரு கார்ட்டூன் கேசட்டைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்காகத் தெருச் சேனலில் போட ஒயருக்கு ஆசை. பேச்சுதான் யாருக்கும் புரியவில்லை. எனக்கு ஆள் விட்டார்.

"இன்னா நைனா, பி.ஏ. இங்கிலீசு தானே நீ? இது இன்னா சொல்து?"

எனக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. மூன்று அரியரும் ஒரு நோட்டு நிறையக் கவிதையும் வைத்திருப்பவன் அதை ஒப்புக்கொள்ளலாமா? "அமெரிக்கா இங்கிலீஷ்ண்ணா. கொஞ்சம் வேகமா பேசுவான்" என்றேன்.

படத்தைப் பார்த்து வசனத்தை நானே கட்டினேன். ஒரு கழுதைக்குக் குயில் மாதிரி பாட ஆசை. தேன் குடிக்கிறது, கழுத்தில் மஃப்ளர் சுற்றுகிறது. வாயைத் திறந்தால் காடே ஓடுகிறது. ஒரு நாள் காட்டில் தீ. கழுதை கத்திய கத்தலில் தூங்கின மிருகமெல்லாம் எழுந்து பிழைக்கிறது. கழுதைக்கு மாலை போடுகிறார்கள். நமக்குக் கத்தல்தான் வரம் என்று புரிந்து, சிரித்தபடி வாயை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான் கதை.

கேசட் சத்தத்தை நிறுத்திவிட்டு, கண்ட்ரோல் ரூம் மைக்கில் ஒயரு பேசினார். நரி, டீக்கடைக்காரர் குரலில் பேசியது. ஆந்தை எங்கள் ஹவுஸ் ஓனராகவே மாறி, மரத்தில் இருந்த பறவைகளையெல்லாம் காலி பண்ணச் சொன்னது. கழுதைக்கு மட்டும், மூக்கும் தொண்டையும் சண்டை போடுகிற மாதிரி ஒரு புதுக் குரல். தினமும் அதையே போட்டார்; ஐந்து மணி அடித்தால் கோலி ஆட ஆள் கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சட்டைகூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

கடைசிக் காட்சியில்தான் எங்களுக்குள் தகராறு.

"அது எப்டி நைனா பாட்டை வுட்ரும்?"

"படத்துல வாயை மூடிக்கிதுண்ணா."

"மூடட்டும். நான் பாடுவேன்."

பாடினார். டிவியில் கழுதை வாயை மூடிச் சிரிக்க, உள்ளேயிருந்து கழுதைக் குரலில் பாட்டு வந்தது. வயிற்றுக்குள் பாடுகிறது என்று பிள்ளைகள் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மேனேஜர் வசமாக மாட்டினார். புது வீட்டுக்குக் கேபிள் கேட்டிருந்தார். கேபிள் சுருளோடு போய் நின்றது நம்மாள் ஒயரு.

"ஒரே பாட்டு" என்றார் மேனேஜர். "தேறுனா கச்சேரி செட்ல சேத்துக்கிறேன். தேறலன்னா ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது."

"சரி நைனா" என்றார் ஒயரு. அன்றைக்குப் பாடாமலே வீட்டுக்குப் போனார். தெரு பயந்துவிட்டது.

திருவிழா மேடையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். முதல் வரியில் கீபோர்டுக்காரர் சுருதியைத் தேடினார். இரண்டாவது வரியில் தேடுவதை விட்டுவிட்டார். "எறங்கு மாமு, பேஜாரு பண்ணாத" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேனேஜர் மைக்கை நோக்கி நடக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒரு இரட்டைச்சடை வாண்டு எழுந்து நின்றது.

"ஒயரண்ணா, கய்தை மாரி பாடுண்ணா."

ஒயரு அவளை முறைத்தார். மேனேஜரைப் பார்த்தார். கண்ணை மூடி, கழுதைக் குரலில் பல்லவியை எடுத்தார்.

ஒவ்வொரு ஸ்வரமும் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. கீபோர்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, அவசரமாக விரலை வைத்தார். சொந்தக் குரலில் எங்கே போனது என்றே தெரியாத சுருதி, டிவி முன்னால் நாங்கள் சிரித்த சிரிப்பில் யாரும் கவனிக்காமலே கழுதையின் தொண்டைக்குள் குடியிருந்திருக்கிறது. சிரிக்கத் தொடங்கிய கூட்டம் இரண்டாவது சரணத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டது. முடிந்ததும் விசிலில் காதடைத்தது.

"மிமிக்ரிக்கு எடுத்துக்கிறேன். பாட்டு வாணாம்" என்றார் மேனேஜர்.

"வரேன். ஆனா கய்தைக்கு கச்சேரிக்கு ஒரு பாட்டு குடுக்கணும். இல்லன்னா உன் வூட்ல பனி."

மேனேஜர் கொடுத்தார்.

சில மாதம் கழித்து அந்த ஹார்பர் தோஸ்து வந்து, அந்தக் கேசட் வந்த கப்பலில் ஒருத்தனுக்கும் இங்கிலீஷே தெரியாது, படமும் வேறு ஏதோ பாஷை என்று என் எதிரிலேயே போட்டுடைத்தார்.

"எனுக்கு அப்பவே தெரியும் நைனா" என்றார் ஒயரு. "நீ சொன்னது நல்லா இருந்திச்சி, வுட்டுட்டேன். கவிதை கவிதைன்னு எய்திக்கினு கீறியே, அது தூக்கம் வர்து. நீ பொய் சொன்னா நல்லா கீது. அதையே எய்து."

இருபது வருஷமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் வீட்டில் டிவி சத்தமில்லாமல் ஓடினால் நான் ரிமோட்டைத் தேடுவதில்லை. உள்ளேயிருந்து கழுதை பாட ஆரம்பிக்குமா என்று காத்திருக்கிறேன்.