நூறு கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு காதுகுத்து

உலகம் உருண்டை என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அது தட்டை என்ற நம்பிக்கையில் நான் மூன்று வருடம் உதவித்தொகை வாங்கியிருக்கிறேன். வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அறந்தாங்கியில் என் தங்கை வீட்டு ஹாலில் இதற்கான சாட்சியைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள் என்பதால் மறைத்தும் பயனில்லை.

நான் படித்தது பருவநிலை மாதிரிகள். உலகத்தின் வெயில், மழை, மண் எல்லாவற்றையும் கணக்குகளாக்கிக் கணினிக்குள் ஓடவிட்டு, ஐம்பது வருடம் கழித்து என்ன ஆகும் என்று பார்க்கும் வேலை. அத்தனை பெரிய உலகம் கணினிக்குள் அடங்காது. அதனால் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்வோம். என் மாதிரியில் ஒரு கட்டம் பக்கத்துக்கு நூறு கிலோமீட்டர். கீரனூர், கறம்பக்குடி, அறந்தாங்கி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடக்கம். கட்டம் முழுவதற்கும் ஒரே மண், ஒரே ஈரம். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும், கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் ஆற்றுக்குப் போய்விடும். மண்ணுக்குள் பக்கவாட்டில் நகர அதற்கு அனுமதி இல்லை. (கொடுக்காதவன் நான்தான்.)

என் பேராசிரியர் ஒருமுறை மின்னஞ்சலில் கேட்டிருந்தார்: "சரிவான நிலத்தில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மண்ணுக்குள்ளேயே தண்ணீர் நகருமே, அதைச் சேர்க்க வேண்டாமா?" நான் ஒரே வார்த்தையில் பதில் எழுதினேன்: "புறக்கணிக்கத்தக்கது." அனுப்பிவிட்டு மிகுந்த திருப்தியுடன் டீ குடிக்கப் போனதுகூட நினைவிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் தங்கை மலர்க்கொடியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. மூத்த பிள்ளைக்கு அறந்தாங்கியில், மாப்பிள்ளை வீட்டில் செய்தாகிவிட்டது. இரண்டாவதை எங்கள் ஊரில், கீரனூருக்குப் பக்கத்தில்தான் செய்ய வேண்டும் என்று மலர் ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எடுத்துச் செய்ய நான் ஒருவன்தான், நானும் பெங்களூரில். "அங்கிட்டு யாரு இருக்கா, இம்புட்டுச் சனத்துக்குச் செய்ய?" என்று அவள் புகுந்த வீட்டில் இழுத்திருக்கிறார்கள். "எங்க அண்ணன் இருக்கு. அது பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, ஒன்ன நம்பித்தான் வாயக் குடுத்திருக்கேன். மானத்த வாங்கிறாத."

"நீ கவலப்படாத மலரு" என்றேன். கவலைப்பட வேண்டியவள் அவள்தான் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலைவரை நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. சனிக்கிழமை நான் போய் இறங்கியபோது வானம் பளிச்சென்று இருந்தது. எங்கள் வீடு ஒரு சரிவின் நடுவில் இருக்கிறது. மேலே தைலமரக் காடு. சரளை மண், ஒரு முழம் தோண்டினால் பாறை. கீழே தரிசாகக் கிடக்கும் எங்கள் வயல், ஒரு புளியமரம், மோட்டார் கொட்டகை, அதைத் தாண்டிக் கண்மாய்.

சமையலுக்கு முத்துக்கருப்பன். பத்தாவது வரை என் பெஞ்ச். இன்றைக்கு எங்கள் பக்கம் கிடாக்கறி விருந்து என்றால் அவன் கைதான். பெரிய சமையலுக்கு மண்ணில் நீளமாகக் குழி வெட்டி, உள்ளே விறகை அடுக்கி, மேலே வரிசையாக அண்டாக்களை ஏற்றுவார்கள். அந்தக் குழியை மேலே சரளை மேட்டில் வெட்டலாம் என்றான் அவன். எனக்கு அது பிடிக்கவில்லை. கீழே வயலில் நிழல் இருக்கிறது, பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது, புகையும் பந்தலுக்கு வராது.

"மாப்ள, மேல பேஞ்ச தண்ணி இன்னும் வந்து சேரலடா. உள்ளுக்குள்ளயே ஊர்ந்து வரும். நாளைக்குக் காலைல இங்கிட்டுத்தான் நிக்கும்."

"மழதான் நின்னுருச்சேடா. வானத்தப் பாரு."

"நான் வானத்தச் சொல்லல. மண்ணச் சொல்றேன்."

நான் லேப்டாப்பைத் திறந்தேன். (புளியமரத்தடியில், மண்வெட்டியோடு நிற்கும் நான்கு பேர் முன்னால். நானேதான்.) அந்த வார மழையைக் கொடுத்து முன்பே ஓட்டிப் பார்த்திருந்தேன். திரையில் எங்கள் கட்டத்தின் மண் ஈரத்தைக் காட்டும் கோடு அழகாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"பாரு, காஞ்சுக்கிட்டே வருது."

முத்துக்கருப்பன் குனிந்து உற்றுப் பார்த்தான். "இதுல நம்ம வயல் எங்கடா இருக்கு?"

"எல்லா வயலும் சேந்ததுதான் இது. சராசரி."

"அப்ப அடுப்பையும் சராசரியா வெட்டுவமா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பக்கவாட்டு ஓட்டம் புறக்கணிக்கத்தக்கது" என்று மேடைத் தமிழில் சொன்னேன். அவன், "ஒன் வீட்டு விசேசம். நீ சொல்ற எடத்துல வெட்டுறேன்" என்று மண்வெட்டியை எடுத்தான். இருபதடி நீளம், முழங்காலுக்குச் சற்று மேல் ஆழம். அடியில் மண் சில்லென்று ஈரமாக வந்தது. "சூடு தாங்க நல்லது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஞாயிறு காலை ஒரு மேகம் இல்லை. அறந்தாங்கியிலிருந்து இரண்டு வேன்களில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். மலரின் மாமனார் முப்பது வருடம் குவைத்தில் வேலை பார்த்தவர். பந்தல், நாற்காலி, சாப்பாட்டு மேசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. மலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அரை மணி நேரம் நீடித்தது.

ஒன்பதரை மணிக்கு வயலிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ரசம் பொங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், குழியின் மேட்டுப்பக்கச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. பிறகு அங்கங்கே நூல் நூலாகத் தண்ணீர். பிறகு விறகு அணைந்து மிதந்தது. புத்தம்புது வேட்டியோடு குழிக்குள் இறங்கி வாளியால் இறைத்தேன். இறைக்க இறைக்க ஊறியது. வெள்ளிக்கிழமையோடு நின்றுபோன மழை, ஞாயிற்றுக்கிழமை என் முழங்காலுக்கு வந்து சேர்ந்திருந்தது. அரைவேக்காட்டில் சோறும் கறியும் அண்டாவில் அப்படியே நின்றன. முத்துக்கருப்பன் இன்னொரு வாளியை என்னிடம் நீட்டினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மலர் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். குழியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஆசாரி வந்துட்டாரு. புள்ளய மடில வச்சுக்க மாமன் வரணுமாம்."

அவ்வளவுதான் சொன்னாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

வேட்டி மாற்ற நேரமில்லை. அப்படியே போய் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. போட்டோக்காரர் எடுத்தார். குழந்தையின் அழுகை ஓய்ந்ததும் மலரின் மாமனார் எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எலை போடலாமா தம்பி?" என்றார்.

"மாமா, அடுப்புல தண்ணி வந்துருச்சு."

அவர் விறுவிறுவென்று வயலுக்கு நடந்தார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். குழியைப் பார்த்தார். அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "கெணறு வெட்டுறீங்களா?" என்றார். பிறகு மலரின் முகத்தை ஒரு தடவை பார்த்தவர், வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்னப்பா வேடிக்க? ஆளுக்கொரு பக்கம் பிடிங்க."

அண்டாக்களின் காதில் மூங்கிலைக் கொடுத்து, விருந்தாட வந்த சம்பந்தி வீட்டார் சரிவில் ஏறினார்கள். முத்துக்கருப்பன் முன்னால் வழிகாட்ட, நான் கடைசியில் ஈர விறகு சுமந்தேன். பாதிவழியில் மூச்சு வாங்க நின்ற மாமனார் சொன்னார்: "சாப்பிடத்தான் கூப்பிட்டாங்கன்னு நெனச்சேன். தூக்கக் கூப்பிட்டிருக்காங்க."

முதலில் சிரித்தவள் மலர். அப்புறம் எல்லோரும். மேலே சரளை மேட்டில் கல்லைக் கூட்டி மறுபடி தீ மூட்டி, சாப்பாடு முடிய மூன்று மணியானது. சோற்றில் லேசாகப் புகை வாசம். முத்துக்கருப்பன் ஒவ்வொரு வரிசைக்கும் பரிமாறும்போது, "புகை வாசம் புறக்கணிக்கத்தக்கதுங்க" என்று சொல்லிக்கொண்டே போனான்.

பெங்களூர் திரும்பியதும் பேராசிரியருக்கு எழுதினேன்: "புறக்கணிக்கத்தக்கதல்ல." ஆதாரம் கேட்டார். காதுகுத்துப் போட்டோவை அனுப்பினேன். அதில் என் வெள்ளை வேட்டியில், முழங்கால் உயரத்தில், ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு செம்மண் கோடு இருக்கும். அறந்தாங்கி ஹாலில் தொங்குவதும் அதே போட்டோதான். வருகிறவர்கள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் வேட்டியைப் பார்க்கிறார்கள்.

அதன் பிறகு என் வேலையே மாறிப்போனது. ஒவ்வொரு கட்டத்தையும் மேடு, சரிவு, பள்ளம் என்று பிரித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் மண்ணுக்குள் நகர வழிவிட்டேன். சரியாக வர இரண்டு வருடமானது. ஒருநாள் பிற்பகல், கணினிக்குள் மழை நின்று இரண்டாம் நாள், பள்ளத்தின் ஈரக் கோடு தானாக மேலே ஏறியது. மலருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"வந்துருச்சு மலரு!"

"யாருண்ணே?"

"தண்ணி. மழ நின்னு ரெண்டாம் நாள் பள்ளத்துக்கு வந்துருச்சு. கம்ப்யூட்டர்ல."

அந்தப் பக்கம் மலர் உள்ளே திரும்பிச் சொல்வது கேட்டது: "மாமா, எங்க அண்ணன் கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி வந்துருச்சாம்."

தூரத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "தூக்க எத்தன பேரு வரணும்னு கேளு."