128-ல் ஒரு கோடு

கோடு இறங்கவில்லை. திங்கட்கிழமை சுண்டுவிரல் உயரம் இருந்தது, புதன்கிழமை காலையில் நடுவிரல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

நீலகிரி மலையின் கட்டபெட்டு மேட்டில், லென்சுகளுக்குப் பூச்சு பூசும் ஆய்வுக்கூடம் அது. தலைமை விஞ்ஞானி முனைவர் ஏகநாதன் திரையை முறைத்தார். பூச்சு வேலை நடக்கும் எஃகுப் பெட்டியான சேம்பரிலிருந்து காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகும் உள்ளே என்ன வாயு ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்லும் கருவியின் திரை. சேம்பர் சுத்தமாக இருந்தால் 128 என்ற இடத்தில் ஒன்றுமே தெரியக்கூடாது.

வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து தணிக்கைக் குழு வருகிறது. கோடு இருந்தால் சேம்பரைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். சேம்பர் போனால் தலைமை எது, விஞ்ஞானி எது? போன மாதம்தான் வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்.

"சார், 128ன்னா என்னன்னு புத்தகத்துல பார்த்தறலாங்களா?" என்றாள் உதவியாளர் மஞ்சு.

"இருபத்திரண்டு வருஷ அனுபவம் இங்க நிக்குது, புத்தகம் எதுக்கு? இது தலை எண்ணெய். உன்னுது."

மஞ்சு தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். பீரோவிலிருந்து புதுத் துணியும் புதுக் கையுறையும் எடுத்து, சேம்பரின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். கோடு ஏறியது.

"தேயிலை ஃபேக்டரிப் புகை!" என்று ஜன்னல்களை எல்லாம் டேப் ஒட்டி அடைத்தார். மறுபடி புதுத் துணி, புதுக் கையுறை. கோடு இன்னும் ஏறியது.

"சார், எனக்கென்னவோ எங்க ஊட்டுத் துணிப்பொட்டி வாசமாட்டம் அடிக்குதுங்க."

"வீட்டு நினைப்பா? வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு கிடையாது." மலைக்கு வந்த நாளிலிருந்தே ஏகநாதனுக்கு மூக்கடைப்பு.

வியாழக்கிழமை அவர் யாரையும் நம்பத் தயாராக இல்லை. மஞ்சுவை வெளியே நிற்க வைத்துவிட்டுத் தானே உள்ளே குனிந்தார்.

"பிலோமி! பீரோவுல இருக்கிற துணி அத்தனையும் கொண்டா!"

பீரோ சாவி கூட்டிப் பெருக்கும் பிலோமியிடம்தான் இருந்தது. அதை அவளிடம் கொடுத்த அன்று, தூய்மை பற்றியும் துணிகளைப் பத்திரமாக வைப்பது பற்றியும் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். பிலோமி துடைப்பத்தைக் கீழே வைக்காமலே கேட்டிருந்தாள்.

பன்னிரண்டு துணி. பன்னிரண்டு முறை. சேம்பரின் மூலை முடுக்கெல்லாம் துடைத்து மூடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பம்ப் நான்கு மணி நேரம் ஓடியது. அவர் நாற்காலியில் உட்கார்வதும், எழுந்து நடப்பதும், பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதுமாக இருந்தார்.

மாலையில் திரை விழித்தது. கோட்டின் தலை திரைக்குள் அடங்கவில்லை.

"துடைக்கத் துடைக்க ஏறுது மஞ்சு. இது இயற்பியலுக்கே விரோதம்!"

"இப்பவாச்சும் புத்தகத்த..."

"உலகத்துலயே யாருக்கும் தெரியாத வாயுவா இருக்கணும். கட்டுரை எழுதிட வேண்டியதுதான்!" ஏகநாதனின் முகம் நான்கு நாளில் முதல்முறையாக மலர்ந்தது. அதற்குத் தன் பெயரையே வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

கதவைத் தட்டிக்கொண்டு பிலோமி வந்தாள். கையில் பீரோ சாவி.

"ஏனுங்க சார், கல்யாண ஸ்வெட்டராட்டம் பத்திரமா வெக்கோணும்னு சொன்னீங்கல்ல, அந்தத் துணிக்கெல்லாம் மடிப்புக்கு மடிப்பு போட்டு வெச்ச பாச்சா உருண்டை தீர்ந்து போச்சுங்க, இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்கியாரட்டுங்களா?"