கேப்பங்கூழும் கார் ஆயிலும்

மரியாதைக்குரியவரும் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தவருமான அடைக்கலராஜ் மாமாவுக்கு, திண்டிவனத்திலிருந்து உங்கள் அக்கா மகன் ஜெனித் எழுதுவது. ஆண்டவர் அருளால் இவ்விடம் எல்லாரும் நலம். ஓசூரில் நீங்களும் உங்கள் கோபமும் சுகமா?

ஒரு முக்கிய அறிவிப்பு. எழுந்து நின்று படிக்கவும். எங்கள் வீட்டில் நீங்கள் விட்டுப்போன பழைய காருக்கு நேற்றுக் காலை பத்தேகால் மணிக்கு இன்ஜின் ஆயில் மாற்றப்பட்டது.

ஞாயிறன்று இங்கே வந்து அதே காரில்தான் விழுப்புரத்துக்கு ஜெர்லின் அக்காவைப் பெண் பார்க்கப் போகிறீர்கள். வழியில் நின்றால் மாப்பிள்ளையே தள்ளிக்கொண்டு போய் இறங்க வேண்டும். அந்த மானக்கேட்டிலிருந்து உங்களைக் காத்தவன் நான். அப்பா வாங்கி வந்தது 20W-50. டப்பாவைத் திறந்து, ஒரு சொட்டை விரலில் தேய்த்து, "ஆயிலுன்னா கேப்பங்கூழு மாதிரி கெட்டியா இருக்கணும்டா, அப்பதான் வண்டிக்குத் தெம்பு" என்கிறார். மோட்டார் கொட்டகையில் இன்ஜின் ஓட்டிய ஆராய்ச்சி அறிவு! "டபிள்யூன்னா வின்டர்ப்பா, குளிர்காலம்" என்றேன். "நம்மூர்ல ஏதுடா குளிரு?" என்றார். இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? காரின் கையேட்டைப் பிரித்து மெக்கானிக் முத்துசாமி அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினேன். 30 டிகிரி வெப்பத்துக்கு 5W-20 என்று கட்டம் போட்டே காட்டியிருக்கிறது. அவர் தலையைச் சொறிந்துக்கினு, "புக்கு பட்ச்ச புள்ள சொல்லுது, ஊத்திடுவோம். பேஜாரு ஆனா என்னாண்ட வராத" என்றார். ஊற்றினோம். தண்ணி மாதிரி இறங்கியது. அப்பா தன் டப்பாவை டிக்கியில் வைத்துக்கொண்டார். பாவம், அறிவாளிப் பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பது கஷ்டம்தான்.

ஆகவே, பதினெட்டு ஆனதும் என் முதல் ஓட்டு உங்கள் காரில்தான் என்ற வாக்குறுதியை மறக்க வேண்டாம். மாதா உங்களுக்கு நல்ல பெண்ணையும் நல்ல மறதியையும் தருவாராக.

அன்புள்ள,
ஜெனித்

பி.கு: கவரை ஒட்டுமுன் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். முண்டியம்பாக்கம் வருவதற்குள் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது, இன்ஜின் தட்தட் என்று தட்டியது. அப்பா உடனே நிறுத்திவிட்டார். கையேட்டை வாங்கி, அதே கட்டத்தில் விரல் வைத்து, "முப்பதுக்கு முன்னால இது இன்னாடா கோடு?" என்றார். மைனஸ். நான் கவனிக்கவில்லை, கணக்குப் பரீட்சையிலும் எனக்கு அதே பழக்கம். நம்மூர் வெயிலுக்கான கட்டம் கீழே இருந்தது. அதில் 20W-50.

முத்துசாமி அண்ணன் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். அவர் வருமுன் காரை ரோட்டோரம் ஒதுக்கித் தள்ளியது நான். என் ஆயிலை வடித்துவிட்டு, டிக்கியில் இருந்த அப்பாவின் ஆயிலை ஊற்றினார்கள். இன்ஜின் பிழைத்துக்கொண்டது, ஞாயிறன்று தாராளமாகப் போகலாம். அப்பா திட்டவே இல்லை மாமா. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இங்க ஐஸு மழை எப்படா கொட்டும்? முன்னாடியே சொல்லிடு, மல்லாட்டை காய்து, மூடி வெக்கணும்."

பிளாக் அப்படியே இருக்கட்டும்.