சாம்பசிவனின் அம்மிச் சட்னி

அம்மி ஆட்டோவை விட்டு இறங்க மறுத்தது.

தேவராஜ மொஹல்லாவில் கல் கடைக்காரனும் அவன் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை ஏற்றிவிட்டிருந்தார்கள். விஜயநகரில் இறக்குவதற்கு சாம்பசிவன் ஒருவர்தான் இருந்தார். வயது எழுபது. ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவர்தான். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு பார்சலைக்கூடத் தொட்டுத் தூக்கியதில்லை. கையெழுத்துப் போட்டதோடு சரி.

"கொஞ்சம் ஒரு கை பிடிப்பா," என்றார் ஆட்டோக்காரரிடம்.

"கல்லு இளிசோது நன் கெலச அல்ல, சார்," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் செல்போனை எடுத்துக்கொண்டார். கல் இறக்குவது அவர் வேலை இல்லையாம். வாஸ்தவம்தான்.

மனைவி கனகலக்ஷ்மி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயாவது வாயேன், கனகா."

"கூப்பிட்டது நீங்க. நீங்களே உள்ள அழைச்சுக்கிட்டு வாங்க."

சாம்பசிவன் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அம்மியைச் சறுக்கிவிட்டார். அது இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் இருந்த டைல்ஸ் இரண்டாகப் போயிற்று. பிறகு கல்லை ஒவ்வொரு மூலையாக நகர்த்தி நகர்த்திப் பின்கட்டு வரை கொண்டு சேர்க்க முக்கால் மணி நேரம் ஆனது.

இத்தனைக்கும் காரணம் சாம்பசிவனின் கட்டை விரல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தக் காலத்து நுணல் வாட்ஸாப்பால் கெடுகிறது. தெருக்காரர்களின் குரூப்பில் தினமும் காலை காபி குடித்த கையோடு அவர் ஏதாவது எழுதுவார். 'அந்தக் காலத்தில் மிக்ஸி ஏது, கேஸ் ஏது? குழாயடியில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்தோம், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம், கல்லில் அரைத்தோம். ஒரு நோய் உண்டா?' இப்படி பிடித்தோம், நின்றோம், அரைத்தோம் என்று எழுதினாரே தவிர, பிடித்ததும் நின்றதும் அரைத்ததும் யார் என்று ஒரு நாளும் எழுதியதில்லை.

போன வாரம் தெருச் சங்கத் தலைவர் லிங்கப்பன் ஓர் அறிவிப்புப் போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, தெருப் பூங்காவில் 'அந்தக் காலத்து டிபன்.' வீட்டுக்கு ஒரு பதார்த்தம், மெஷின் எதுவும் தொடாமல் செய்து கொண்டுவர வேண்டும். அறிவிப்பு வந்து ஒரு நிமிஷம் ஆவதற்குள் சாம்பசிவன் பதில் எழுதிவிட்டார்: 'எங்கள் வீட்டிலிருந்து அம்மியில் அரைத்த தேங்காய்ச் சட்னி. முப்பது பேருக்கு.' கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றையெல்லாம் ஒரு தடவை ரசித்துவிட்டுத்தான் மனைவியிடம் போய்ச் சொன்னார்.

"முப்பது பேருக்கா? யாரு அரைக்கிறது?" என்று கேட்டாள் கனகலக்ஷ்மி.

சாம்பசிவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்ன கேக்கறே? நீதான்."

"நான் மாட்டேன்."

"மாட்டேன்னா?"

"பதினோரு வருஷம் அரைச்ச கை இது. இனிமே ஒரு மிளகாயைக்கூட அரைக்காது. அந்தக் காலம் அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"குரூப்ல போட்டாச்சு, கனகா. இப்ப முடியாதுன்னா என் மரியாதை என்ன ஆகும்?"

"அதையும் சேர்த்துப் போட்டு அரைங்க," என்று சொல்லிவிட்டு அவள் சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஒத்திகை. சாம்பசிவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மியின் முன் உட்கார்ந்தார். அரை மூடித் தேங்காய், நாலு பச்சை மிளகாய், கொஞ்சம் பொட்டுக்கடலை. குழவியை ஒரு தள்ளு தள்ளியதும் பொட்டுக்கடலை நாலாபுறமும் சிதறியது. இரண்டாவது தள்ளில் தேங்காய்த் துண்டொன்று துள்ளிப் போய்ச் செம்பருத்திச் செடிக்குள் விழுந்தது. கால் மணி நேரம் போராடியதில் ஏதோ ஒன்று தயாரானது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பல்லில் நறநறவென்று மண் கடிபட்டது.

"புதுக் கல்லுங்க அது. அரிசியும் தவிடும் போட்டு நாலஞ்சு தடவை அரைச்சு அரைச்சு ஊத்தணும். அப்பத்தான் மண்ணு போகும்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

சாம்பசிவன் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். மண் என்றால் கழுவ வேண்டியதுதானே, அரைப்பானேன்? பாத்திரம் தேய்க்கும் பொடியை ஒரு கை நிறைய அள்ளிக் கொட்டி, பிரஷ் போட்டு அம்மியைத் தேய்தேய் என்று தேய்த்தார். புதுக் கல்லுக்கு உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குழி. பொடி அத்தனை குழிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஈடு சட்னியில் மண்ணும் இருந்தது, எலுமிச்சை வாசனையும் இருந்தது, ஓரத்தில் லேசாக நுரையும் கட்டியிருந்தது.

வியர்வையைத் துடைக்கிறேன் என்று மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்தார். அதற்கப்புறம் சிறிது நேரத்துக்கு எதையும் பார்க்க முடியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, பிடித்துக்கொண்ட இடுப்பில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பதினோரு வருஷமும் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சட்னி தட்டில் இருக்கும். ஆபீஸ் விட்டு வந்தால் குழம்புக்கு மசாலா தயாராக இருக்கும். கனகலக்ஷ்மி மூன்று தடவை மிக்ஸி கேட்டாள். முதல் தடவை, "கல்லுல அரைச்ச ருசி அதுல வருமா?" என்றார். இரண்டாவது தடவை கேட்ட மாதத்தில் தனக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. "மாசமா இருக்கிறவங்களுக்கு அம்மி அரைக்கிறது நல்ல எக்சர்சைஸ்," என்று டாக்டர் மாதிரி சொன்னார். வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்: "என் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன், எது கல்லு, எது மிக்ஸின்னு."

சாம்பசிவனுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அப்படியும் உடம்பு கூசியது.

ஏதாவது சொல்லலாம் என்று உள்ளே போனார். கனகலக்ஷ்மி போனில் இருந்தாள். "கமலா, நாளைக்குக் காலைல கட்டாயம் வந்துடு. உங்க அண்ணா சட்னி அரைக்கிறாரு... பொய் இல்லம்மா, நெஜமா. அம்மியிலதான்."

கமலம்மாள் கொள்ளேகால் பக்கத்துக்காரி. அவள் புருஷனும் ரயில்வேதான். குவார்ட்டர்ஸில் இவர்களுக்குப் பக்கத்து வீடு. இப்போது ஊரின் அந்தக் கோடியில் மகனோடு இருக்கிறாள்.

"அவளை எதுக்குக் கூப்பிட்டே?" என்றார் சாம்பசிவன்.

"பதினோரு வருஷம் பக்கத்துல இருந்தவ. இதை அவ பார்க்க வேணாமா?"

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு சாம்பசிவன் திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டார். ஏழரை மணிக்கு ஒரு கிண்ணம் சட்னி தேறியிருந்தது. ஊற்றிப் பார்த்தால் நாலு பேருக்குக் காணும். அந்த நாலு பேரும் பல் டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். எட்டு தேங்காயில் ஏழரை மிச்சம். எட்டரை மணிக்கு டிபன்.

சொந்த மிக்ஸி சமையலறையில் இருந்தது. சமையலறையில் கனகலக்ஷ்மி இருந்தாள்.

சாம்பசிவன் மிச்சத் தேங்காயை அண்டாவில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மோகனப்ரியா கொட்டாவியோடு வந்து திறந்தாள்.

"ஏனாய்த்து அங்கிள், என்னாச்சு? கண்ணெல்லாம் செவசெவன்னு இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. உன் மிக்ஸியைக் கொஞ்சம்..."

மோகனப்ரியாவின் தூக்கம் போய்விட்டது. "மிக்ஸியா? மிக்ஸியில அரைச்சா அது சட்னி இல்ல, சுண்ணாம்புன்னு போன வாரம்தானே குரூப்ல போட்டீங்க? அதுவும் எனக்கு ரிப்ளையா போட்டீங்க."

"போட்டேன். தப்புதாம்மா. மானத்தைக் காப்பாத்து."

அவள் அரைத்தாள். அந்த மிக்ஸி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்கும் போலிருந்தது. சாம்பசிவன் பயந்துபோய்த் துண்டால் அதைச் சுற்றி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் மிக்ஸியோடு சேர்ந்து அவரும் அதிர்ந்தார்.

"அங்கிள், ஒரு ப்ராப்ளம். வெண்ணெ மாதிரி ஆயிடுச்சு. கல்லுல அரைச்சா இப்படி இருக்காதல்லவா?"

அது வேறு ஒரு கவலை. கடைசி ஈட்டைப் பாதியில் நிறுத்தி, கொரகொரப்பாக எடுத்து மேலே கலந்தார்கள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதேம்மா."

"ப்ராமிஸ், அங்கிள்," என்றாள் அவள். சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

சாம்பசிவன் வீட்டுக்கு ஓடிவந்து இரண்டு கரண்டிச் சட்னியை அம்மியின் மேல் பூசி, தண்ணீர் தெளித்து, குழவியைப் பிடித்துக்கொண்டு உட்காரவும், அண்டாவை வாங்கிப்போக லிங்கப்பன் வரவும் சரியாக இருந்தது.

"ஆகா! சார், ஹாகே இரி, அசையாதீங்க!" என்று லிங்கப்பன் படம் பிடித்தார். அடுத்த நிமிஷமே அது குரூப்பில் வந்துவிட்டது. படத்தின் கீழே: 'எழுபது வயது. இரும்பு உடம்பு.'

பூங்காவில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். இட்லி வந்தது, சட்னி வந்தது. லிங்கப்பன் ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"இதுதான் சார் டேஸ்ட்! நாக்குல வெச்ச உடனே தெரியுது, கல்லுல அரைச்சதுன்னு. மிக்ஸியில இது வருமா?"

"வரவே வராது," என்று நாலைந்து பேர் சொன்னார்கள். மோகனப்ரியா இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

சாம்பசிவன் பிட்ட இட்லியை இலையிலேயே வைத்துவிட்டார். அவர் ஆயுசு முழுக்கச் சொன்ன வாக்கியம் அது. அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது எவ்வளவு மடத்தனமாக இருக்கிறது!

"மாசா மாசம் வெச்சுக்கலாம். சட்னிக்கு சாம்பசிவன் சார் இருக்கார்," என்றார் லிங்கப்பன்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சௌம்யா என்ற பெண், கனகலக்ஷ்மி பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க குடுத்து வெச்சவங்க. அந்தக் காலத்துலயே இப்படிக் கூடமாட அரைச்சுக் குடுக்கிற வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பாங்க?"

"ஆமா," என்றாள் கனகலக்ஷ்மி.

அந்த ஒரு வார்த்தையை சாம்பசிவனால் தாங்க முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். இது கல்லுல அரைச்ச சட்னி இல்ல. மோகனப்ரியா வீட்டு மிக்ஸியில அரைச்சது. அம்மில தண்ணி தெளிச்சு, மேல பூசி வெச்சு, நான் சும்மா போஸ் குடுத்தேன்."

லிங்கப்பனின் கையில் இருந்த விள்ளல் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"அது மட்டும் இல்ல," என்றார் சாம்பசிவன். "தண்ணி பிடிச்சோம், அரைச்சோம்னு தினமும் எழுதினேனே, நான் ஒரு குடம் தண்ணிகூடப் பிடிச்சதில்ல. எல்லாம் இவ செஞ்சது. மூணு தடவை மிக்ஸி கேட்டா. ருசி போயிடும்னு சொல்லி நான் வாங்கித் தரல. வயித்துல பிள்ளையோட அரைச்சா. பதினோரு வருஷம்! நேத்து கால் மணி நேரம் உட்கார்ந்தேன், இடுப்பு போச்சு. அந்தக் காலத்துல எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. என் பங்குக் கஷ்டத்தையும் இவ தலையில போட்டுட்டு, நான் ருசி பார்த்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். கனகலக்ஷ்மி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின.

அதைப் பார்த்ததும் சாம்பசிவனின் கண்ணிலும் நீர் கொட்டியது. இந்தத் தடவை மிளகாய் காரணமில்லை. "அழாதே, கனகா. அந்தக் கையால பதினோரு வருஷம் அரைச்சியே, அந்தப் பாவத்தை நான் எங்கே போய்த் தொலைப்பேன்?"

கனகலக்ஷ்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமலம்மாளுக்கு இளகிய மனசு. ஆம்பிளை அழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கனகலக்ஷ்மி அவசரமாக அவள் தொடையைக் கிள்ளியதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து நின்றாள்.

"அட, அழுவாதீங்கண்ணா! அக்கா எங்கீங்க அம்மியில அரைச்சாங்க? பதினோரு வருசமும் எங்க ஊட்டு மிக்ஸியிலதானுங்களே அரைச்சாங்க. உங்க சைக்கிள் சத்தம் கேட்டாப் போதும், ஓடிப் போயி அம்மியில தண்ணி தெளிச்சு வெச்சிருவாங்க!"