சீனி வரிசையில் போன நீர்நிலையம்

செம்பாறை நாட்டில் முன்பு எதுவும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. ஆற்றங்கரை நீரேற்று நிலையம் முதல் நாவிதரின் சவரக்கத்தி வரை எல்லாமே பொது. பொருள்கள்தான் போதவில்லை. அதனால் மக்களிடம் ஒரு பழக்கம் ஊறியிருந்தது. வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிடுவார்கள். அரசு தந்த பித்தளை வில்லையை மேசையில் வைத்தால் ஏதாவது கிடைக்கும். என்ன என்பது கைக்கு வந்தபின் தெரியும்.

ஒரு நாள் காலையில் ஆளும் குழு தன்னைக் கலைத்துக்கொண்டது. மதியம் அதே ஆட்கள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து சுதந்திர அரசை அமைத்தார்கள். நீர்த்துறைச் செயலர் மகிழ்கோ, உடைமைப் பகிர்வு அமைச்சரானார்.

"நீர்நிலையத்துக்கு இனி நீங்களே முதலாளிகள்!" என்று முழங்கி, வீட்டுக்கு ஒரு புதுப் பித்தளை வில்லை கொடுத்தார். அந்த வில்லைதான் முதலாளியின் பங்கு என்பதை விளக்கி அரசிதழ் தயாரானது. அச்சிடத்தான் காகிதம் இல்லை.

அடுத்த வாரம் சந்தையில் ஒரு வரிசை தெரிந்தது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த வேலாத்தாள் ஓடிவந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, எதுக்குங்க வரிசை?"

"யாருக்குத் தெரியும்? நில்லு அம்மிணி, போனாத் தெரியுது" என்றார் முன்னால் நின்ற தச்சர் பொங்கியண்ணன்.

மேசையில் அமைச்சரின் மைத்துனர் நீலமேகன் இருந்தார். வில்லையை வாங்கிக்கொண்டு ஒரு பொட்டலம் சீனி கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் நீர்நிலையம் அவருடையதாயிற்று. மோட்டார்களைக் கழற்றிப் பக்கத்து நாட்டுக்குப் பழைய இரும்பாக விற்றார்.

வாய்க்கால் வறண்டது. அரசு உடனே செயலில் இறங்கியது. 'நீர் ஓடாத வாய்க்காலை இனி முதலீட்டுக்கு உகந்த நிலம் என்றே அழைக்க வேண்டும்' என்று ஆணை பிறந்தது. அந்த நிலமும் நீலமேகனுக்கே போயிற்று.

வெற்றிலைக் கொடிகள் பழுத்துச் சுருண்டன. ஒரு கொடியைப் பிடுங்கிக்கொண்டு வேலாத்தாள் அமைச்சரிடம் போனாள்.

"எம் பொழப்பே இதுதானுங்க. தண்ணி விடச் சொல்லுங்க சாமி."

"வில்லையை நீங்களாகத்தானே கொடுத்தீர்கள்?"

"சீனி வில்லைன்னு நெனச்சேனுங்க."

"சீனி கிடைத்ததா, இல்லையா?"

"கெடச்சுதுங்க."

"பிறகு அரசு எங்கே ஏமாற்றியது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார் அமைச்சர்.

தேர்தல் வந்தது. சீனி மேசை இருந்த இடத்திலேயே வாக்கு மேசை. ஊரே வந்து நின்றது. வேலாத்தாள் மட்டும் நிற்பதற்கு முன்பே காவலரிடம் கேட்டாள்.

"ஓட்டுக்கு யாருங்க நிக்கறாங்க?"

"நீலமேகன் ஐயா."

"அவர எதுத்து?"

"எதிர்க்கட்சிய ஏலம் விட்டாங்கல்ல? அதையும் ஐயாவே எடுத்துட்டாரு."

அவள் விலகிப்போய், பூட்டிக் கிடந்த நீர்நிலைய வாசலில் தனியாக நின்றாள். சற்று நேரத்தில் கீரைக்காரி ஒருத்தி வந்து பின்னால் நின்றாள். அதைப் பார்த்துப் பொங்கியண்ணனும் வந்தார். வாக்கு வரிசை மெலிய மெலிய, இங்கே வரிசை தெருமுனையைத் தாண்டியது.

"இது எதுக்கு அம்மிணி வரிசை?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"தண்ணிக்கு."

செம்பாறையில் அந்தக் கேள்விக்கு அப்படி உடனே பதில் கிடைத்தது அதுவே முதல் முறை. பதில் கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்தது. யாரும் கலையவில்லை.

அன்று மாலையே அரசாணை வந்தது. இம்முறை காகிதம் கிடைத்திருந்தது. 'வரிசையில் நிற்பது குடிமக்களின் பிறப்புரிமை. எதற்கென்று தெரிந்துகொண்டு நிற்பது தண்டனைக்குரிய குற்றம்.'